தொமாயிஸ் சொன்ன பெயர்

இருபத்தொன்பதாம் தெருவில் மிருகத்தோல் அங்கி தைக்கும் பட்டறைகளில் வேலை பார்த்த கிரேக்கப் பெண்களுக்குள் தொமாயிஸைப் போல வாய் பேசாதவள் வேறு யாரும் இல்லை. காலை எட்டு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கிகளுக்கு உள்ளே பட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் வம்பு பேசுவார்கள், பாடுவார்கள், நியூயார்க் குளிரைத் திட்டுவார்கள். "வாயைத் திறந்தா மிங்க் தோல் முடி உள்ள போயிடும்னு பயப்படுறா" என்று ஒருத்தி கேலி செய்வாள். அதற்கும் அவள் ஊசி நிற்காது.

வடக்கே கஸ்தோரியா மலைப்பக்கம் பெத்ரோவ்ரிசி என்ற சின்ன ஊர் அவளுடையது. 1930இல், இருபத்திரண்டு வயதில், ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டுக் கப்பலேறி வந்து நௌமைக் கல்யாணம் செய்துகொண்டாள். நௌம் அதே பட்டறையில் நனைந்த தோலைப் பலகையில் இழுத்து ஆணியடிப்பவன். நல்லவன், கொஞ்சம் பயந்த சுபாவம். கல்யாணத்தன்று இருவர் தலையிலும் கல்யாண மலர்முடியை மாற்றி மாற்றிச் சூட்டியவர் பட்டறை முதலாளி பந்தெலிஸ். முடி சூட்டியவர் அன்றுமுதல் கும்பாரோஸ். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுத்தாலும் கும்பாரோஸை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் இவளைக் 'கும்பாரா' என்பார், இவள் அவரைக் 'கும்பாரே' என்று கூப்பிடுவாள். ஈஸ்டருக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஊரில் இவளுக்கு இருந்தது அம்மாவும் ஒரே தங்கையும். தங்கை செவாஸ்தி, உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஸ்டெர்யோஸுக்கு வாழ்க்கைப்பட்டு ஒலிம்பியா என்று ஒரு பெண்ணைப் பெற்றிருந்தாள்.

இப்படி வாய் பேசாமல் இருந்தவளை மேடையேற்றியது பசி.

1942. ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும் நாட்டைப் பிடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடிதப் போக்குவரத்து கிடையாது. செஞ்சிலுவைக்காரர்களின் காகிதம் ஒன்று மட்டும் வரும். அதில் இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. ஐந்து மாதம் சுற்றி வந்த அந்தக் காகிதத்தில் செவாஸ்தி எழுதியிருந்தாள்:

"அம்மா பிப்ரவரியில் இறந்தாள். நோய் இல்லை. மாவு இல்லை. ஒலிம்பியாவுக்கு மூன்று வயது, நடப்பதை மறந்துவிட்டாள். நானும் அவரும் உயிரோடு இருக்கிறோம். நீ சாப்பிடும்போது எங்களை நினைத்துக்கொள்."

மாதாகோவில் கூடத்தில் நிவாரணத்துக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று பந்தெலிஸ்தான் அவளைக் கூட்டிப்போனார். "கும்பாரா, நீ பேச வேண்டாம். அந்தக் காகிதத்தைப் படிச்சுட்டு இறங்கிடு" என்றார். அவள் படித்தாள். படித்துவிட்டு இறங்காமல் நின்றாள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி ரொட்டி காஞ்சு போச்சுன்னு ஓரத்தைக் கிள்ளிக் குப்பையில போட்டேன்" என்றாள். "இன்னிக்குக் காலையில இந்தக் காகிதம் வந்துச்சு. குப்பைக்காரன் வந்துட்டுப் போயிருந்தான். நான் படியிறங்கி ஓடினேன். எதுக்கு ஓடினேன்னு எனக்கே தெரியல. அந்த ஓரத்தை எடுத்து நான் என்ன பண்ணப்போறேன்? கஸ்தோரியாவுக்கா தூக்கி வீச முடியும்?"

அவ்வளவுதான் பேசினாள். கூடம் முழுக்க அழுதது. பந்தெலிஸ் தன் பணப்பையைத் தட்டில் அப்படியே கவிழ்த்தார், பின்பு கைக்கடிகாரத்தையும் கழற்றிப் போட்டார். பாதிரியார் அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

அதற்குப் பிறகு எங்கே கூட்டம் நடந்தாலும் அவளைக் கூப்பிட்டார்கள். நியூவார்க், பிலடெல்பியா, பாஸ்டன் வரைக்கும் போனாள். பந்தெலிஸ் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து, ரயில் கட்டணமும் கொடுத்து அனுப்புவார். "என் பட்டறைல தைக்கிறவதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். நௌம் முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை தொப்பியைக் கசக்கிக்கொண்டிருப்பான். பேசத் தெரியாதவள் பேசுகிற பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. அதை அவள் பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

1944 அக்டோபரில் ஜெர்மன்காரன் ஏதென்ஸைவிட்டுப் போனான். மணியடித்தார்கள், தெருவில் ஆடினார்கள். டிசம்பரில் அதே ஏதென்ஸில் பிரிட்டிஷ் சிப்பாய்கள், மலையில் நின்று ஜெர்மானியரோடு போராடிய நம் ஆட்களையே சுடுகிறார்கள் என்று செய்தி வந்தது. அரசரைத் திரும்பக் கொண்டுவரத்தான் இதெல்லாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மலையிலிருந்து இறங்கியவர்கள் நாட்டை ரஷ்யாக்காரனுக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். எங்கள் தெருவில் இருந்த நான்கு காபிக்கடைகள் ஒரே வாரத்தில் இரண்டு இரண்டாகப் பிரிந்தன. ஒரு கடையில் குடிக்கிறவன் அடுத்த கடை வாசலை மிதிக்க மாட்டான்.

பட்டறையிலும் அப்படியே. பந்தெலிஸ் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "காட்டுல திரிஞ்ச பயலுக. துப்பாக்கியைக் கீழ வைங்கடான்னா வைக்க வேண்டியதுதானே? இங்கிலீஷ்காரன் நமக்கு ரொட்டி கொண்டுவந்தவன்" என்றார்.

தொமாயிஸ் ஊசியை நிறுத்தினாள். "ரொட்டி கொண்டுவந்தவன் எதுக்கு கும்பாரே பீரங்கியும் கொண்டுவந்தான்?"

பட்டறையே சிரித்தது. பந்தெலிஸும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் வழக்கம்போல "வீட்டுக்குப் பத்திரமாப் போ" என்று சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு ஒரு கப்பல்காரன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கடிதம் ஒன்றைக் கொடுத்தான். ஸ்டெர்யோஸ் மே மாதம் எழுதியது. மலையிலிருந்து எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியாவில் கைமாறி வந்திருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த முழுக் கடிதம். தொமாயிஸ் அதை அடுப்பங்கரையில் நின்றபடியே நாலு தடவை படித்தாள். பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டதால் வாதுமை மரத்தடியில் பாடம் நடத்துகிறாராம். ஊர் விஷயங்களை ஊரார் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் பார்த்துக்கொள்கிறார்களாம். ஏப்ரலில் தேர்தல் நடந்ததாம். முதன்முறையாகப் பெண்கள் ஓட்டுப் போட்டார்களாம். "உன் தங்கை பாவாடையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைப் போலவே இருந்தாள்" என்று எழுதியிருந்தார்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, தோல் தொழிலாளர் சங்கக் கூடத்தில் கண்டனக் கூட்டம். ஏதென்ஸில் சண்டையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனுக்குத் தந்தி கொடுக்கத் தீர்மானம் போடுகிறார்கள். தொமாயிஸ் பேச ஒத்துக்கொண்டாள். கோட்டு மாட்டும்போது நௌம் குறுக்கே வந்து நின்றான்.

"கடிதத்தைப் படி. வேண்டாம்னு சொல்லல. பேரை மட்டும் படிக்காதே."

"அவரு என்ன திருடினாரா, பேரை மறைக்க?"

"அங்க எவன் ஜெயிப்பான்னு யாருக்குத் தெரியும், தொமாயிஸ்? நாம இங்க இருக்கோம். அவங்க அங்க இருக்காங்க."

"சரி, சொல்லல" என்றாள் அவள். சொல்லக் கூடாது என்றுதான் போனாள்.

அறுநூறு பேர். அதில் எதிர்க்கட்சிக்காரர்களும் வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கடிதத்தைப் படித்தாள். பாவாடைக்கு இஸ்திரி போட்ட இடத்தில் பெண்கள் கைதட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"யாரும்மா எழுதினது? உன் புருஷன் ராத்திரி உக்காந்து எழுதினானா?"

சிரிப்பு கிளம்பியது. இன்னொருவன், "பேரைச் சொல்லு! பேர் இல்லாத கடுதாசியை நாங்களும் ஆயிரம் எழுதுவோம்" என்றான். "பேரு! பேரு!" என்று பத்துப் பதினைந்து பேர் காலால் தரையை உதைத்தார்கள்.

தொமாயிஸ் காகிதத்தை மடித்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஸ்டெர்யோஸ் கரம்பினாஸ்!" என்று உரக்கச் சொன்னாள். "பெத்ரோவ்ரிசி பள்ளிக்கூட வாத்தியார். என் தங்கை புருஷன். போதுமா? உங்களை மாதிரி அவருக்கு இருட்டுல நின்னு கத்தத் தெரியாது. தன் பேரை எழுதித்தான் அனுப்பியிருக்கார்."

கூடம் அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நௌம் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். அவன் தொப்பி காலடியில் விழுந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் அவள் பேச்சு வந்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொழில், எல்லாம் அப்படியே. அடுத்த நாள் பட்டறைக்குப் போனபோது அவள் முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பந்தெலிஸ் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவள் தன் கத்தரிக்கோலையும் விரல் உறையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு யூதர் பட்டறையில் வேலை கிடைத்தது. நௌமும் பின்னாலேயே அங்கே வந்துவிட்டான்.

பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. மலைக்காரர்கள் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு அரசர் பக்கத்து ஆட்கள் அவர்களை வீடு வீடாகத் தேட ஆரம்பித்தார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. தொமாயிஸ் மாதம் இரண்டு கடிதம் எழுதினாள். பழைய துணி, சோப்பு, பால்பவுடர் எல்லாம் கட்டி அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அக்டோபரில் பதில் வந்தது. செவாஸ்தியின் கையெழுத்து. அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அவள் புருஷன்தான். அதனால் எழுத்து வாத்தியார் எழுத்து மாதிரியே உருண்டையாக இருக்கும்.

"அக்கா, ஆகஸ்ட் மாசம் ஆயுதத்தோட ஆளுங்க வந்தாங்க. அவங்க கையில ஒரு பேப்பர் இருந்துச்சு. அமெரிக்காப் பேப்பர். அதுல அவரு பேரு இருந்துச்சு. நீ சொன்னதா போட்டிருந்துச்சு. ஊர் நடுவுல நிக்கவச்சு அவரையே அதைச் சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. அவரு படிச்சாரு, பிள்ளைங்களுக்குப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. படிச்சு முடிச்சதும் வாதுமை மரத்துக்குக் கொண்டுபோனாங்க. என் தலைமயிரை அறுத்துட்டாங்க. அது வளந்துடும். வீட்டை எரிச்சுட்டாங்க. நானும் ஒலிம்பியாவும் ஆட்டுக் கொட்டகையில இருக்கோம். நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம். இனிமே எங்களைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாதே. உன் வாயை எங்க மேல வைக்காதே. செவாஸ்தி."

நௌம்தான் அதைப் படித்துக் காட்டினான். கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டு மடிக்கப் பார்த்தான். அவள் கையிலிருந்து வாங்கி அதையும் படித்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் இருந்த பீன்ஸ் சூப்பை இறக்கினாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நௌம் விளக்கைப் போட எழுந்தபோது, "போடாதே" என்றாள்.

இறந்தவருக்கு நாற்பதாம் நாள் நினைவு என்று எண்ணிச் செய்ய முடியவில்லை, நாள் கடந்துவிட்டது. எண்ணின மாதிரி வைத்துக்கொண்டு கோதுமை அவித்து, சர்க்கரை தூவி, கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பாதிரியார் பெயரைக் கேட்டபோது அவள் நௌமைப் பார்த்தாள். நௌம் சொன்னான். அவளுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பந்தெலிஸ் அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது மாதமாகப் பேச்சு இல்லை. மெலிந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கும்பாரா, கோவில்ல கோதுமை வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"அந்தப் பேப்பரை நான்தான் அனுப்பினேன்."

நௌம் எழுந்தான். பந்தெலிஸ் அவனைப் பார்க்காமல் அவளையே பார்த்துச் சொன்னார். "நம்ம ஊர்ப்பக்கம் இருக்கிற என் தம்பிக்கு. மார்ச்சுல. துண்டை வெட்டி உறையில போட்டு, 'பாரு, நம்ம வாத்தியார் அமெரிக்கா வரைக்கும் பேர் எடுத்துட்டார்'னு எழுதினேன். சிரிக்கட்டும்னு அனுப்பினேன், சத்தியமா. அவன் அதைக் கொண்டுபோய் யார்கிட்ட காட்டினானோ..."  அந்தப் பெரிய மனிதர், அறுபதை நெருங்கியவர், சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

தொமாயிஸ் அழவில்லை. "பேரை நான் சொன்னேன், கும்பாரே. நீங்க தபால்தலை ஒட்டினீங்க" என்றாள். "போயிட்டு வாங்க."

நௌம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு அவள் பழையபடி ஊமையானாள். நாட்டில் மறுபடி சண்டை தொடங்கியது, இந்தத் தடவை அண்ணனும் தம்பியும் எதிரெதிரே. ஊரை விட்டு மலையேறியவர்கள், பிடிபட்டவர்கள், ராணுவக் கோர்ட்டில் நின்றவர்கள் என்று பத்திரிகையில் தினமும் பட்டியல் வரும். நிவாரணக் கமிட்டியின் செயலாளர் மெல்போ, அவள் வயதுக்காரி, மாதத்துக்கு ஒரு தடவை வந்து காபி குடித்துவிட்டு, "ஒரே ஒரு கூட்டம், தொமாயிஸ். உனக்கு நடந்ததை நீ சொன்னா போதும்" என்பாள். தொமாயிஸ் கோப்பையைக் கழுவப் போய்விடுவாள்.

1948 ஏப்ரலில் மெல்போ காபி கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். வடக்கே ராணுவக் கோர்ட்டு மரண தண்டனை கொடுத்தவர்கள் பதினோரு பேர். ஏழாவது பெயர் செவாஸ்தி கரம்பினா. மலையில் இருப்பவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள் என்று குற்றம்.

"தந்தி அடிக்கிறோம்" என்றாள் மெல்போ. "ஏதென்ஸ் அரசாங்கத்துக்கு, வாஷிங்டனுக்கு, பத்திரிகைகளுக்கு. போன மாசம் லாரிசாவுல ரெண்டு பேரைச் சுட இருந்தாங்க. இங்கேருந்து தந்தி போச்சு, நின்னுருச்சு. அமெரிக்கா பார்க்குதுன்னா அவங்க யோசிக்கிறாங்க. கூடப்பிறந்தவ நீ கையெழுத்துப் போட்டு நாலு வார்த்தை பேசினா, இங்கிலீஷ் பேப்பர்லயும் வரும்."

தொமாயிஸ் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். அலமாரியைத் திறந்து தங்கையின் கடிதத்தைக் கொண்டுவந்து மெல்போவுக்கு முன்னால் வைத்தாள்.

"கடைசி வரியைப் படி."

மெல்போ படித்தாள். "இது அன்னிக்கு எழுதினது, தொமாயிஸ். இன்னிக்கு அவளைச் சுடப்போறாங்க."

"அமெரிக்காவுல கம்யூனிஸ்ட் அக்கா கத்துறாள்னு இன்னும் சீக்கிரமா முடிச்சுருவாங்க."

"அப்படி நடக்காது."

"அன்னிக்கும் நடக்காதுன்னுதான் நெனச்சேன்."

மெல்போ போன பிறகு நௌம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளை வற்புறுத்தினான். "பேசு. நான் அன்னிக்குப் பேசாதேன்னு சொன்னவன்தான். இன்னிக்கு நானே சொல்றேன், பேசு."

"என் நாக்கு பட்ட இடமெல்லாம் எரியுது, நௌம்."

"அப்ப நான் போடுறேன் கையெழுத்து."

"உன் பேரும் என் பேரும் ஒண்ணுதான். போட்டா இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன்."

அவன் போடவில்லை. தந்தி பதினொரு பேருக்காகவும் பொதுவாகப் போயிற்று. அக்கா பெயர் அதில் இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. பதினொருவரில் நால்வருக்குத் தண்டனை குறைந்தது. செவாஸ்தியை மே மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் சுட்டார்கள். பத்திரிகையில் இரண்டு வரி. தொமாயிஸ் அன்றைக்கும் வேலைக்குப் போனாள். ஒரு அங்கியின் உள்துணியை இடம்மாற்றித் தைத்துவிட்டாள், பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

நான் சரியாகத்தான் செய்தேன், அவள் சொன்னபடி கேட்டேன் என்று ஏழு வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நௌம் ஒரு நாளும் அதை எடுத்துப் பேசியதில்லை.

அம்மா சிறையில் இருந்தவரை ஒலிம்பியாவும் கூடவே சிறையில் இருந்தாள். பிறகு அனாதை விடுதி. 1955இல் அகதிகளுக்கான சட்டம் ஒன்றில் அவளை அமெரிக்கா கொண்டுவர வழி கிடைத்தது. ஆனால் ஒரு குடிமகன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். தொமாயிஸுக்கும் நௌமுக்கும் குடியுரிமை இல்லை. விண்ணப்பித்த இரண்டு தடவையும் அதிகாரிகள் அந்த 1945 ஜனவரிக் கூட்டத்தைப் பற்றியே கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நௌம், அவளுக்குத் தெரியாமல், பந்தெலிஸைத் தேடிப் போனான். அவர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கப்பல் கட்டணமும் அவரே கட்டினார். பெண் வந்து இறங்கிய நாளில் துறைமுகத்துக்கு மட்டும் வரவில்லை.

ஒலிம்பியாவுக்குப் பதினாறு வயது. உயரம், மெலிவு. எதையும் நேராகப் பார்த்துக் கேட்கும் கண். வந்த முதல் வாரம் ஓயாமல் "பெரியம்மா, பெரியம்மா" என்று தொமாயிஸின் பின்னாலேயே சுற்றினாள். தொமாயிஸ் அவளுக்கு மூன்று உடை தைத்தாள். நாற்பத்தேழு வயதில் மடியில் ஒரு பிள்ளை வந்து சேர்ந்த மாதிரி நடந்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, அந்தப் பெண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா உங்களைப் பத்தித்தான் தினம் பேசுவாங்க, பெரியம்மா. ஜெயில்ல எல்லாருக்கும் உங்க பேர் தெரியும்."

"என்னைப் பத்தியா?"

"ஆமா. தண்டனை சொன்ன பிறகு எல்லாரும் அழுதாங்க. அம்மா அழல. 'எனக்கு அக்கா இருக்கா அமெரிக்கால. அவ மேடையில பேசினா ஊரே எந்திரிச்சு நிக்கும். இந்நேரம் பேசிக்கிட்டிருப்பா'ன்னு சொன்னாங்க. காலையில காவல்காரி கதவைத் திறந்தா, 'அமெரிக்காலேருந்து ஏதாவது வந்துச்சா?'ன்னு கேப்பாங்க. தினம் கேப்பாங்க."

தொமாயிஸின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. "எனக்கு எழுதினாளே... பேசாதேன்னு..."

"அது அப்பா செத்தப்ப. ஆட்டுக் கொட்டகையில உக்காந்து எழுதினது. அனுப்பிட்டு அப்புறம் எவ்வளவு அழுதாங்க தெரியுமா? வேற எழுதலாம்னா தபாலைப் பிரிச்சுப் படிக்கிறாங்க. 'அக்காவுக்குத் தெரியும், கோவத்துல எழுதினேன்னு'ன்னு சொல்லுவாங்க." பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பேசினீங்கதானே, பெரியம்மா?"

நௌம் கரண்டியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் ஒரு பொய் சொல்லப்போகிறான் என்று தொமாயிஸுக்குத் தெரிந்தது. அவனை முந்திக்கொண்டாள்.

"இல்ல. காகிதம் இந்த மேஜைல இருந்துச்சு. நான் கையெழுத்துப் போடல. உங்க பெரியப்பா போடப் போனார். நான்தான் தடுத்தேன்."

ஒலிம்பியா மெல்லுவதை நிறுத்தினாள். பிய்த்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். "நாலு பேரை விட்டாங்க" என்றாள். "பக்கத்துல படுத்திருந்த மாலமாவை விட்டாங்க." எழுந்து, தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை, போக வேறு இடமும் இல்லை. சண்டையும் போடவில்லை. பள்ளிக்குப் போனாள், இங்கிலீஷ் படித்தாள், பிறகு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் பாதியை நௌமிடம் கொடுத்துவிடுவாள். தொமாயிஸுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் அன்றைய மத்தியானத்துக்குப் பிறகு பெரியம்மா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் அறைக்குள் வந்து, பார்க்கும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

தொமாயிஸ் அந்த மாதமே மெல்போவின் வீட்டுக்குப் போனாள். கமிட்டி கலைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மெல்போவுக்குச் சர்க்கரை வியாதி, கண் மங்கியிருந்தது. "உள்ள இன்னும் எத்தனை பெண்கள் இருக்காங்க?" என்று தொமாயிஸ் கேட்டாள். சண்டை முடிந்து ஆறு வருடம் ஆகியும் நிறையப் பேர் உள்ளே இருந்தார்கள். பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிகிற நேரத்தில் கோவில் வாசலில், படிக்குக் கீழே, அவர்களை விடுதலை செய்யச் சொல்லும் மனுவை ஒரு அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டு, கையெழுத்துக் கேட்டு நின்றாள். முன்பு அவளுக்காக எழுந்து நின்றவர்களே அடுத்த பக்கப் படியில் இறங்கிப் போனார்கள். ஒருவன் காலடியில் துப்பினான். "குடியுரிமையே இல்லாதவ, உன்னைக் கப்பலேத்தி அனுப்பிருவாங்க" என்று ஒருத்தி எச்சரித்தாள். "அனுப்பட்டும். அங்கதான் எனக்கு வேலை இருக்கு" என்றாள் தொமாயிஸ். முன்பு போல அழகாகப் பேச வரவில்லை. தடுமாறுவாள், சில நாள் பாதியில் நின்றுவிடுவாள். கேட்கிறவர்களும் இரண்டு மூன்று பேர்தான். பந்தெலிஸ் தன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவரும் 1958இல் போய்ச்சேர்ந்தார். சவப்பெட்டிக்கு முன்னால் தொமாயிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். வெகுநேரம் நின்றாள்.

அப்படி அவள் அனுப்பிய பெயர்களில் ஒன்று, வோலோஸ் ஊர்க்காரி ஒருத்தி. புகையிலைத் தொழிலாளி. தொமாயிஸ் அவளைப் பார்த்ததில்லை. 1961 வசந்தத்தில் அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள். அட்டையில் போன கையெழுத்துகளால் விட்டார்களா, வயதாகிவிட்டதென்று விட்டார்களா என்பது தெரியாது. விலாசத்தை எப்படியோ தேடிப்பிடித்து அவள் ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.

தொமாயிஸுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. முப்பது வருடம் கறுப்புத் தோலில் கறுப்பு நூல் கோத்ததில் பார்வை போய்க்கொண்டிருந்தது. நௌம் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும் ஒலிம்பியாவும்தான். காலையில் வேலைக்குக் கிளம்பிக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த ஒலிம்பியா, தபால் உறையைப் பார்த்துத் தானே பிரித்தாள். ஜன்னல் பக்கம் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"'அன்புள்ள சகோதரிக்கு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நாம ஒரே ஊரும் இல்ல. உங்க கூடப்பிறந்தவளுக்குப் பேசுற மாதிரி எனக்காக நீங்க பேசினீங்கன்னு...'"

குரல் அங்கே நின்றது. தெருவில் லாரி ஒன்று போயிற்று. ஒலிம்பியா காகிதத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"மீதியைச் சாயங்காலம் வந்து படிக்கிறேன்" என்றாள் கடைசியில்.

"வேண்டாம்மா" என்றாள் தொமாயிஸ். "போதும். உனக்கு நேரமாச்சு, கிளம்பு."

ஒலிம்பியா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். மேஜையில் வைக்கப் போனவள், அதைத் தொமாயிஸின் கையிலேயே கொடுத்தாள். விரல் விரலில் பட்டது. வாசல் வரைக்கும் போய், கைப்பிடியில் கைவைத்தபடி நின்றாள். தொமாயிஸ் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். பிறகு கதவு திறந்தது. படியில் அவள் இறங்கிப்போகும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.